களைகளுக்கு நாம் இட்ட பெயர்கள்

எங்கள் ஊரில் வயலுக்குள் முளைக்கும் வேண்டாத செடிகள் எல்லாவற்றிற்கும் ஒரே பெயர்தான்: புல்லு. விதைத்து மூன்று நாலு கிழமை கழிந்ததும் பெண்கள் கூட்டமாகப் 'புல்லுப் புடுங்க' போவார்கள். கோரையும் புல்லுதான், நெற்சப்பியும் புல்லுதான், தண்ணீருக்குள் அகன்ற இலை விரித்து நிற்கும் செடியும் புல்லுதான். களை என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர வாய்ப்பேச்சில் நான் கேட்டதில்லை. முதன்முதலாக அதனைப் பேச்சில் கேட்டது எண்பதுகளின் நடுப்பகுதியில், சந்தியிலிருந்த ஒரு தேநீர்க் கடையில். அயலூரில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட ஒரு மனிதனைப் பற்றிய கதை ஓடிக்கொண்டிருந்தது. "களையெடுத்துப் போட்டாங்களாம்" என்றார் ஒருவர். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் என்ன செய்தான், தீர்ப்புச் சொன்னது யார் என்ற கேள்விகளையெல்லாம் அந்த ஒற்றைச் சொல் வாயடைக்கச் செய்துவிட்டது.

அன்று தொட்டு இந்தச் சொல்லைச் சந்தேகத்தோடுதான் பார்த்து வருகிறேன். செடிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

களைதல் என்றால் அகற்றுதல். அகற்றப்படுவது எதுவோ அது களை. செடியின் இலையோ பூவோ மணமோ அல்ல, அதற்கு நாம் செய்யப்போகும் காரியமே அதன் பெயராகியிருக்கிறது. தாவரவியலாளரிடம் போய்க் களைகள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கேட்டால் அப்படியொரு குடும்பமே இல்லை என்பார். நெல்லும் நெற்சப்பியும் ஒரே புற்குடும்பத்துப் பிள்ளைகள். மனிதரைக் களையாகக் காண்பதும் துப்பாக்கியோடு வந்த பழக்கமல்ல. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம், கொலை புரியும் கொடியவரை அரசன் ஒறுப்பதைப் பயிர் காக்கக் களை பறிப்பதோடு ஒப்பிட்டு முடிகிறது. வள்ளுவர் அங்கே சொன்னது கொலைகாரரை மட்டும். பின்னால் வந்தவர்கள் உவமையை எடுத்துக்கொண்டு அந்த எல்லையை விட்டுவிட்டார்கள்.

கோரையை எடுத்துக்கொள்வோம். உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977 இல் ஹோமும் அவரது சகாக்களும் வெளியிட்ட பெருநூலில் முதலிடம் பெற்ற செடி இதுதான். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு போகும். ஒன்றைப் பிடுங்கினால் அறுந்த துண்டிலிருந்து நாலு முளைக்கும். ஆனால் சூடானில், வெள்ளை நைல் நதிக்கரையிலுள்ள அல் கிதாய் என்ற இடத்தில் தோண்டியெடுத்த பழங்கால மனிதரின் பற்களில் படிந்திருந்த காறையை ஆராய்ந்தவர்கள், அம்மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோரைக் கிழங்கைத் தின்று வந்திருக்கிறார்கள் என்று 2014 இல் எழுதினார்கள். விவசாயம் வருவதற்கு முன்னரும் தின்றார்கள், வந்த பின்னரும் விடவில்லை. அவர்களது பற்களில் சொத்தை குறைவாக இருந்ததற்கும் இக்கிழங்கே காரணமாகலாம் என்பது அந்த ஆய்வாளரின் கருத்து. அரபு மருத்துவர் இதனை சுஃது என்றனர். இப்னு சீனாவின் 'அல் கானூன்' நூலில் அதற்கு இடமுண்டு. எங்கள் மருந்துக் கடைகளில் கோரைக் கிழங்கு இன்றும் நிறுத்து விற்கப்படுகிறது. வயலில் அதற்குக் காசு கொடுத்து ஆள் வைத்துப் பிடுங்குகிறோம், கடையில் அதனையே காசு கொடுத்து வாங்குகிறோம். இதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு கோரையில்தான் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் பட்டுப் போன்ற பாய்களை நெய்கிறார்கள்.

பருப்புக் கீரையின் கதை இன்னும் சுவையானது. அரபியில் அதற்கு 'அல் பக்லத்துல் ஹம்கா' என்று பெயர். புத்தி கெட்ட கீரை என்பது பொருள். மனிதர் நடக்கும் பாதையிலும் தண்ணீர் ஓடும் வாய்க்காலிலும் போய் முளைத்து, மிதிபட்டும் அள்ளுண்டும் போகிறதே, அறிவிருந்தால் அப்படிச் செய்யுமா என்று அகராதிக்காரர் விளக்கம் சொன்னார்கள். அதே செடிக்கு 'அல் பக்லத்துல் முபாரகா', அருள் பெற்ற கீரை என்றும் பெயர் இருக்கிறது. மிதித்துப் போனவர்களும் பறித்துத் தின்றவர்களும் தத்தம் பார்வையில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மொழி இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துக் காத்திருப்பதை நான் பெருந்தன்மை என்றே கொள்கிறேன்.

நெற்சப்பி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது நெல்லைப் போலவே நிற்கும். கதிர் தள்ளும் வரை புதியவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எனது மூத்தம்மா மட்டும் நடந்துகொண்டே அதனை இழுத்தெறிவார். இலை தண்டைச் சேருமிடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு உண்டு, நெற்சப்பிக்கு அது கிடையாது என்பதைப் பல்கலைக்கழகப் புத்தகமொன்றில் பின்னாளில் படித்தேன். மூத்தம்மாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது. இவ்வாறு பயிரைப் போல வேடமிடும் களைகளுக்கு விளக்கம் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ். கையால் களை பறிப்பவரின் கண்ணுக்குத் தப்பியவையே விதை போட்டுப் பெருகுகின்றன. ஆதலால் நூற்றாண்டுக் கணக்கில் பறிக்கப் பறிக்கக் களை மெல்ல மெல்லப் பயிரின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அது மட்டுமல்ல, ரை என்ற தானியமே கோதுமை வயலிலும் வாற்கோதுமை வயலிலும் களையாக இருந்து பயிரானது என்றும் அவர் காட்டினார். குளிர் மிகுந்த மலைச் சரிவுகளில் கோதுமை தோற்றுப்போக, களை மட்டும் விளைந்து நின்றது. உழவன் அதனையே அறுத்தான். 1924 இல் ஆப்கானிஸ்தானில் பயணம் செய்தபோது, அங்கு ரைக்கு வழங்கிய 'கந்தும்தார்' என்ற பெயர் கோதுமைக்குள் புகுந்து தொல்லை தருவது என்ற பொருளுடையது என்பதை அவர் கண்டார். வவிலோவ் 1940 இல் ஸ்டாலினின் ஆட்சியில் நாசகாரர் என்று கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் செத்தார். உலகமெங்கும் விதைகளைச் சேகரித்த மனிதரின் முடிவு அது.

மூத்தம்மாவின் கண்ணுக்கு இப்போது வேலையில்லை. அறுபதுகளுக்குப் பின் புல்லெண்ணெய் வந்து, பெண்களின் கூட்டம் சிறிது சிறிதாக வயலை விட்டு நீங்கியது. வரம்போரத்துப் பொன்னாங்காணியும் வல்லாரையும் மடியில் கட்டிக்கொண்டு வருவதும் நின்றது. ஆனால் தொண்ணூறுகளில் அம்பாறை மாவட்ட வயல்களில் பன்றி நெல் ஒரு பெரும் பிரச்சினையாகத் தலைகாட்டியது. அதுவும் நெல்லினம்தான். நெல்லை விட்டு அதனை மட்டும் கொல்லும் எண்ணெயைக் காண்பது கடினம். கண்ணும் கையும் மறுபடி தேவைப்பட்டன.

இதுவரை சொன்னவை ஊரோடு கிடந்த செடிகள். கப்பலில் வந்தவற்றின் கதை வேறு, அதில் நாகதாளிதான் மூத்தது. அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி அது. ஐரோப்பியர் வருகைக்குப் பின் நம் பக்கம் வந்து வேலியாக நடப்பட்டது. மெக்சிக்கோவில் இந்தக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் ஸ்பானியருக்குத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அடுத்த செல்வமாக இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளின் செங்கோட்டுக்கு நிறம் கொடுத்ததும் அதுவே. அதனைத் தாமே உண்டாக்கக் கிழக்கிந்தியக் கம்பனி ஆசைப்பட்டது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் அண்டர்சன் அதற்கென்றே கள்ளித் தோட்டம் வைத்தார். 1795 இல் கப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் வந்தது மெக்சிக்கோவின் நல்ல சாயப்பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. சாயம் தேறவில்லை. பூச்சியோ கள்ளியைத் தின்று தீர்த்தது. வருமானமாக எண்ணி வளர்த்த கள்ளி பின்னர் நிலத்தை விழுங்கும் களையானபோது, தோல்வியாகக் கருதப்பட்ட பூச்சி மருந்தானது. தென்னிந்தியாவிலிருந்து 1865 இல் அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. களையொன்றை அழிப்பதற்காக அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுசென்று வெற்றி கண்ட முதல் நிகழ்வு என்று துறைசார் நூல்கள் இதனைக் குறிப்பிடுகின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. இலங்கையில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஏர்னஸ்ட் கிறீன் 1896 இல் அப்பூச்சியை விவரித்து அறிவியற் பெயரிட்டார். பெயரின் பின்பாதி 'சிலோனிக்கஸ்'. தென்னமெரிக்காவில் பிறந்து வங்காளத்தில் இறங்கிச் சென்னை வழியாக வந்த பூச்சி, இன்றுவரை உலகமெங்கும் இலங்கைக்காரனாகவே பதிவாகியிருக்கிறது.

பூச்சிக்கு வாய்த்தது நல்ல பெயர். களைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒரு செடி திடீரெனப் பெருகினால், அந்தக் காலத்தில் யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களது பெயரை அதற்கு வைத்துவிடுவது மனிதர் வழக்கம். எங்கள் பகுதியில் ஆற்றுவாழை என்றும் தமிழகத்தில் ஆகாயத்தாமரை என்றும் சொல்லும் செடிக்குச் சிங்களத்தில் 'ஜப்பான் ஜபர' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானிகளை ஏமாற்றுவதற்காக ஆங்கிலேயர் அதனைக் குளங்களில் விட்டார்கள், பச்சை வயலென்று நம்பி அவர்கள் தரையிறங்குவார்களாம் என்றொரு கதையும் உண்டு. நானும் சிறுவயதில் அதனை நம்பியவன்தான். ஆனால் செடி 1905 இலேயே அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுவிட்டது. அதனை ஒழிக்க இந்நாட்டில் தனியாக ஒரு கட்டளைச் சட்டமே 1909 இல் வந்துவிட்டது. ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டது 1942 இல். சட்டப் புத்தகம் மறுத்த பின்னரும் கதை சாகவில்லை.

வங்காளத்தில் முதலாம் உலகப் போர்க்காலத்தில் இதே செடி 'ஜேர்மன் பானா' ஆயிற்று. ஆங்கிலேயப் பேரரசைச் சீரழிக்க ஜேர்மனியர் செய்த சதி என்று பேசிக்கொண்டார்கள். அமேசன் நதியின் செடிக்கு ஒரு கரையில் ஜேர்மனியன் பட்டம், மறுகரையில் ஜப்பானியன் பட்டம். கிழக்கு வங்காளத்தின் முஸ்லிம் உழவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. நெல் வயல்களை மூடியது, படகுப் பாதைகளை அடைத்தது. 1936 இல் அதற்கெதிராகச் சட்டம் பிறந்தது. 1937 தேர்தலில் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்பது வாக்குறுதியாகவே முன்வைக்கப்பட்டது, வென்று வந்த பஸ்லுல் ஹக்கின் அரசு ஒழிப்பு இயக்கமும் நடத்தியது. செடி ஒழியவில்லை. ஆனால் பரிசால், கோபால்கஞ்ச், பிரோஜ்பூர் பக்கத்து உழவர்கள் அதனை அடுக்கி மிதக்கும் பாத்திகள் செய்து, வெள்ளத்தின் மேலேயே காய்கறி பயிரிடுகிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இம்முறையினை உலக விவசாய மரபுகளில் ஒன்றாக 2015 இல் அங்கீகரித்தது.

பாதீனியத்துக்கு இந்தியாவில் 'காங்கிரஸ் புல்' என்று பெயர். ஐம்பதுகளில் அமெரிக்கக் கோதுமையோடு அது வந்தது, அப்போது ஆண்டது காங்கிரஸ் என்பது ஒரு விளக்கம். அதன் வெள்ளைப் பூ காங்கிரஸ்காரரின் குல்லாயைப் போல இருக்கிறது என்பது இன்னொன்று. ஆனால் ரொக்ஸ்பரோ 1814 இல் வெளியிட்ட கல்கத்தா தாவரவியல் தோட்டப் பட்டியலில் அச்செடி ஏற்கனவே இருக்கிறது. காங்கிரஸ் பிறந்தது 1885 இல்! கேரளத்தில் இன்னொரு செடி 'கம்யூனிஸ்ட் பச்சை'. இலங்கைக்குப் பாதீனியம் இந்திய அமைதிப் படையின் ஆடுகளோடு வந்ததென்பது வடக்கில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1987 முதல் 1990 வரை அப்படை இங்கிருந்தது, செடி அதற்குப் பின்னரே வவுனியா, யாழ்ப்பாணப் பக்கங்களில் பரவலாகக் கண்டறியப்பட்டது. ஆகவே இது நடந்திருக்கக்கூடியதே. விதையோடு வந்திருக்கலாம் என்போரும் உள்ளனர். ஆயினும் விதை மூட்டையின் கதையை யாரும் சுவாரசியமாகச் சொல்வதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இச்செடிகள் அப்பாவிகள் என்று நான் வாதிடவில்லை. பாதீனியம் பட்டால் தோல் வெடித்துப் புண்ணாகும், சுவாச நோய் வரும். கொழும்பில் தாவரவியல் கற்பித்தலுக்கென்று 1939 இல் கொண்டுவந்த சல்வீனியா தப்பிப்போய், குளங்களையும் வாய்க்கால்களையும் மூச்சுத் திணறச் செய்தது. பிரேசிலிலிருந்து அறியப்பட்ட ஒரு சிறு வண்டை 1986 முதல் இங்கே விட்ட பிறகுதான் அது அடங்கியது. பிடுங்க வேண்டியதைப் பிடுங்கத்தான் வேண்டும். எனது சண்டை பிடுங்குவதோடு அல்ல, பெயரோடு. இப்போது அரச அறிக்கைகளில் இவற்றுக்கு 'ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள்' என்ற தொடர் வழங்குகிறது. சரியான கலைச்சொல்தான். ஆனால் எங்கள் கறிச்சட்டியைத் திறந்து பார்த்தால் அதற்குள் எத்தனை அந்நியர்! கிழக்கில் நாங்கள் கொச்சிக்காய் என்று சொல்லும் மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கும் கொச்சித் துறைமுகத்தின் பெயரைக் கட்டிவிட்டிருக்கிறோம். மரவள்ளி, பப்பாசி, அன்னாசி, கஜு எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அவற்றை யாரும் வந்தேறி என்பதில்லை. அந்தச் சொல்லை நாங்கள் நன்றாக அறிவோம். எட்டு நூறு, ஆயிரம் ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்த பின்னரும் அது எங்கள் வாசலுக்கு வந்து போகிறது.

சமூகவியலாளர் சிக்மண்ட் போமன் 1989 இல் எழுதிய நூலில், நாஜிகளின் யூதப் படுகொலையைத் தோட்டக்காரனின் வேலையோடு ஒப்பிட்டார். அழகான தோட்டத்தின் படம் முதலில் மனதில் வரையப்படுகிறது. அப்படத்தில் இடமில்லாதவர் களையாகிறார். அவர் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இதனைப் படித்தபோது எனக்கு ஜேர்மனி நினைவுக்கு வரவில்லை. 1990 ஒக்டோபர்தான் வந்தது.

அந்த மாதத்தில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார் முசலிப் பிரதேசத்து மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் ஓலைக் குடிசைகளில் இருபது வருடம் இருந்தார்கள். மனிதர் போன இடத்தில் செடி வந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்களில் உடையும் விடத்தலும் எருக்கலையும் முற்றங்களில் எழுந்து, பின் கூரையில்லாத அறைகளுக்குள் எழுந்து, கடைசியில் ஊரை மூடின. 2009 இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, செடி காடாக இருந்தது. 2012 இலும் 2017 இலும் வெளியான வர்த்தமானிகள் அப்பகுதி நிலங்களை வன ஒதுக்குகளாக்கின. காணியைத் துப்புரவு செய்தவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்களாகத் தொலைக்காட்சியில் தெரிந்தார்கள். காட்டுக்காகக் குரல் கொடுத்த எல்லோரும் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். காடு வெட்டப்படக் கூடாது என்ற கவலை நியாயமானது, ஊருக்குப் புறத்தே உண்மையான காடும் அங்கே உண்டு. ஆனால் மையவாடியின் மீஸான் கல்லும் பள்ளிவாசலின் அத்திவாரமும் கிடக்கும் நிலத்தை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில், இருபது வருடத்துப் புதர் மனிதரை விடப் பெரிய சாட்சியாகிவிட்டது.

2011 இல் நண்பர் ஒருவரோடு அப்பக்கம் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒருவர் தனது வளவைத் தேடிக்கொண்டிருந்தார். வீடு இருந்த அடையாளமே இல்லை. ஒரு புளியமரத்தை வைத்துத் திசை பிடித்து, அங்கிருந்து அடியெண்ணி நடந்து, கத்தியால் முள்ளை விலக்கிக் கிணற்றைக் கண்டுபிடித்தார். கிணற்றுக் கட்டின் வெடிப்புக்குள் வேர் விட்டு ஓர் உடைமரம் தொடைப் பருமனில் நின்றது. எங்களோடு வந்தவர்களில் மரங்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் அதனைச் சுற்றிப் பார்த்து, வயது இருபது வருமென்றார்.

"நாங்க போன வருசம் பொறந்திருக்கு" என்றார் பெரியவர். சற்று நேரம் அதன் அடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கட்டு இடிந்துவிடாமல் எந்தப் பக்கத்தால் வெட்டுவது என்று எங்களிடம் யோசனை கேட்டார்.